குயில்ட்டின் கதையைக் கேட்கும் முன் துணியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பழைய வீடொன்றின் சாமான்களை விற்ற எஸ்டேட் சேலில் ஒரு குயில்ட், அதாவது நடுவே பஞ்சு வைத்துத் தைத்த படுக்கை விரிப்பு, வாங்கினேன். அச்சுத் துணியிலிருந்து பூக்கூடை, பறவைகள், இலைக்கொடி எல்லாவற்றையும் வெட்டியெடுத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்துத் தைத்திருக்கிறார்கள். "1750-இல் சோழமண்டலக் கரையில் கையால் வரைந்த சீட்டித்துணி, எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்தது" என்று விற்றவர் சொன்னார். நம் ஊர்த் துணி என்றதும் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். அது உண்மைதானா? அங்கங்கே பழுப்புக் கறை இருக்கிறது. பூக்களின் கறுப்பு ஓரம் சில இடங்களில் பொடிந்து பொத்தலாகிவிட்டது. மிதமான சோப்பில் ஊறவைத்து அலசலாமா? படுக்கையறைச் சுவரில் மாட்ட ஆசைப்படுகிறேன். இதுபோன்ற குயில்ட்களையும் பழைய சீட்டித்துணிகளையும் தொடர்ந்து சேர்க்கவும் எண்ணம். எங்கிருந்து தொடங்குவது? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சோப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். குயில்ட்டை இரண்டாக மடித்து ஒரு சுத்தமான வெள்ளைத் துணியின் மேல் வைத்துவிட்டு, மிச்சத்தைப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் துணி 1750-ஐச் சேர்ந்ததாகத் தெரியவில்லை, சோழமண்டலத்தில் வரைந்ததும் இல்லை. இங்கிலாந்தில் அச்சடித்து அமெரிக்காவுக்கு வந்தது, அங்கே ஒரு பெண் பொறுமையாக வெட்டித் தைத்தது. 1815-க்கும் 1840-க்கும் இடைப்பட்ட வேலை என்பது என் கணிப்பு. உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். ஆனாலும் இது நல்ல குயில்ட். இலைகளின் கூர்முனையைக்கூட மடித்துத் தைத்திருக்கும் நேர்த்தியைப் பார்த்தால் தைத்தவர் கைதேர்ந்தவர் என்பது தெரிகிறது. இருநூறு ஆண்டுகளை நெருங்கும் வேலைப்பாடு உங்கள் கையில் இருக்கிறது. 1750 என்ற பொய் எண் அதற்குத் தேவையில்லை.

எப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். நாளை வேறொரு துணியை நீங்களே எடுத்துப் பார்க்கும்போது இது உதவும்.

உங்கள் மூன்றாவது படத்தில் இடது மூலையிலும் வலது மூலையிலும் ஒரே பறவை இருக்கிறது. இரண்டிலும் இறக்கையின் கீழ் விளிம்பில், ஒரே இடத்தில், கோடு அறுந்திருக்கிறது. அது அச்சுக்கட்டையில் விழுந்த சேதம். கையால் வரைபவர் இரண்டு பறவையிலும் ஒரே பிசகை ஒரே இடத்தில் செய்யமாட்டார். அடுத்து, பூக்கூடையைச் சுற்றி ஊசிமுனை அளவில் நெருக்கமான புள்ளிகள். மரக்கட்டையில் பித்தளை ஊசிகளை வரிசையாக அடித்து இறக்கி அச்சிடும் ஐரோப்பிய வழக்கம் அது. மூன்றாவது, இலையின் பச்சை. நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டித்தான் நெடுங்காலம் பச்சை உண்டாக்கினார்கள், இங்கும் சரி, ஐரோப்பாவிலும் சரி. அப்படிச் செய்த இலைகளில் ஓரத்தில் நீலமோ மஞ்சளோ தனியே பிதுங்கி நிற்கும். மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால் பல பழைய துணிகளில் இலைகள் இன்று நீலமாகவே தெரியும். ஒரே அச்சில் பச்சை இறங்கும் முறை 1810 வாக்கில்தான் இங்கிலாந்தில் கைவந்தது. உங்கள் இலைகள் முழுப் பச்சையாக, பிதுக்கமில்லாமல் இருக்கின்றன. அதனால் துணியை அந்த ஆண்டுக்கு முன்னே கொண்டுபோக முடியாது.

சோழமண்டலத் துணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நாகப்பட்டினத்துக்காரருக்கு இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். 1734 வாக்கில் புதுச்சேரிக்கு வந்த பியூலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, ஒரு சித்திரக்காரர் துணி தீட்டுவதை ஒவ்வொரு படியாகப் பார்த்து எழுதிவைத்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். அந்தக் குறிப்பும் துண்டுகளும் பாரிஸில் இன்னும் இருக்கின்றன. 1742-இல் கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியாரும் இதே வேலையை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். தொழிலின் நுட்பத்தை அறிந்து தம் நாட்டில் செய்துபார்க்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். நமக்கோ, எழுதிவைக்காத நம் கைவினைஞர்களின் வேலைமுறை அவர்கள் வழியாகத்தான் இத்தனை விவரமாகக் கிடைத்திருக்கிறது.

வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, காயவைத்து, கட்டையால் அடித்து வழவழப்பாக்குவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடிக்கும். பாலின் கொழுப்பு, வரையும் கோடு கசிந்து பரவாமல் காக்கும். ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமேல் வைத்துக் கரித்தூள் தட்டினால் சித்திரம் புள்ளிகளாக இறங்கிவிடும். அந்தப் புள்ளிகளின் மேல் மூங்கில் எழுதுகோலால் கோடு இழுப்பார்கள். கறுப்புக்கு இரும்பை ஊறவைத்த புளித்த கரைசல், சிவப்புக்குப் படிகாரம். படிகாரத்துக்கு நிறம் கிடையாது. போட்ட இடம் கண்ணுக்குத் தெரியப் பதங்க மரக்கட்டையின் செந்நிறச் சாறு கொஞ்சம் சேர்ப்பார்கள். பிறகு துணி முழுவதையும், சிவப்புச் சாயம் தரும் சாயவேர் கொதிக்கும் பானையில் இறக்குவார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும், மற்ற இடத்தில் ஒட்டியது மங்கலாக நிற்கும். ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்து, வெயிலில் பரப்பித் தண்ணீர் தெளித்துத் தெளித்து அந்த மங்கலைப் போக்குவார்கள். நீலத்துக்கு வேறு வழி. நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு முழுத் துணிக்கும் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். சிவப்புப் பூவுக்குள் தலைமுடி போல ஓடும் வெள்ளை நரம்புகளும் மெழுகால் வரைந்தவைதான். பச்சை கடைசியில் வரும்.

சாயவேர் கடலோர மணலில் விளைவது. கிருஷ்ணா கழிமுகத்திலிருந்து மன்னார், யாழ்ப்பாணம் வரை அதைத் தோண்டி எடுத்தே பிழைத்த குடும்பங்கள் இருந்தன. கிளிஞ்சல் மண்ணில் விளைந்த வேர் நல்ல சிவப்புக் கொடுக்கும் என்பார்கள்.

இந்த வேலைமுறை தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும். கையால் இழுத்த கோடு தொடங்கும் இடத்தில் தடித்து, போகப் போக மெலியும். ஒரே பூவைப் பத்து இடத்தில் பார்த்தால் பத்தும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும். நீலம் தொட்டியில் முங்கியது என்பதால் பரந்து ஒரே சீராக நிற்கும், மெழுகு விரிசல்விட்ட இடத்தில் மெல்லிய நீல நரம்பு ஓடியிருக்கும். ஐரோப்பியர் தூரிகையால் தீட்டிய நீலத்தில் தீற்றல் தெரியும், ஓரம் கருத்திருக்கும். துணியின் நுனியில், பின்பக்கம், இங்கிலீஷ் கம்பெனியின் முத்திரையோ டச்சுக் கம்பெனியின் முத்திரையோ இருந்துவிட்டால் அது பெரிய அதிர்ஷ்டம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நூல் கைநூற்பாக இருப்பதை மட்டும் வைத்து இந்தியச் சித்திரம் என்று முடிவுகட்டாதீர்கள். லண்டன் அச்சுக்காரர்கள் இங்கிருந்து வெள்ளைத் துணி வாங்கி அதன்மேல் தங்கள் அச்சைப் போட்டிருக்கிறார்கள். துணி நம்முடையது, அச்சு அவர்களுடையது என்ற கலவை நிறையவே உண்டு.

விற்றவர் ஏன் சோழமண்டலத்தைச் சொன்னார் என்பதற்கு வருகிறேன். அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். நம் துணி ஐரோப்பாவில் அத்தனை பெயர் பெற்றிருந்தது. அதைப் பார்த்துப் பயந்த நெசவுக்காரர்களும் கம்பளிக்காரர்களும் சட்டத்தையே கொண்டுவந்தார்கள். பிரான்ஸ் 1686-இல் தடை போட்டு 1759 வரை வைத்திருந்தது. இங்கிலாந்து 1700-இல் வெளிநாட்டுச் சித்திரத் துணி இறக்குமதியைத் தங்கள் மக்கள் உபயோகத்துக்குத் தடைசெய்தது, 1720 சட்டம் பெரும்பாலான அச்சுப் பருத்தியை உடுத்துவதையே குற்றமாக்கியது. 1774-இல் உள்நாட்டில் நெய்த முழுப் பருத்தியில் அச்சிட வழிவிட்டார்கள். அடையாளத்துக்குத் துணிக்கரையில் மூன்று நீல நூல் ஓடவேண்டும் என்பது விதி. 1811-இல் அந்த விதி போய்விட்டது. ஆகவே ஒரு துண்டுத் துணியின் கரையில் மூன்று நீல நூல் கண்ணில் பட்டால், அது எந்த நாட்டுத் துணி, எந்தக் காலம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. நீங்கள் சேர்க்கத் தொடங்கினால் கரையை வெட்டாமல் வைத்திருக்கும் துண்டுகளையே தேடுங்கள்.

டச்சுக்காரர்கள் தடை போடவில்லை. அதனால்தான் நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் அவர்கள் ஏற்றிய துணி இன்று அந்த நாட்டில் அதிகம் மிஞ்சியிருக்கிறது. ஹிண்டலோப்பன் என்ற சிற்றூரின் பெண்கள் இந்தியச் சீட்டியில் நீண்ட மேலங்கி தைத்து அணிந்தார்கள். லேவார்டன் நகரின் ஃப்ரீஸ் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு லண்டன் வழியாக இந்தியச் சீட்டி போய்க்கொண்டேயிருந்தது, மறு ஏற்றுமதிக்குத் தடை இல்லை. எனவே அமெரிக்கக் குயில்ட்டில் உண்மையான சோழமண்டலத் துணி இருக்கவே இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். மேரிலாந்து, விர்ஜீனியா, தென் கரோலினா பக்கத்துப் பழைய குயில்ட்களில் இந்தியப் படுக்கை விரிப்பிலிருந்து வெட்டிய மரமும் பூவும் வருவதுண்டு. உங்களுடையது அந்த வகை இல்லை.

குயில்ட்டுக்கு வயது சொல்லும்போது ஒரே விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: அதில் இருக்கும் துணிகளிலேயே எது இளையதோ, அதைவிடக் குயில்ட் மூத்ததாக இருக்க முடியாது. 1800-ஐச் சேர்ந்த ஒரு துண்டை 1830-இல் தைத்திருப்பார்கள், மேல்துணியை மட்டும் தைத்து மடித்து வைத்ததைத் தைத்தவரின் கொள்ளுப்பேத்தி 1930-இல் பஞ்சு வைத்து முடித்திருப்பார். மேல்துணி, அடித்துணி, ஓரப்பட்டை, நடுவில் உள்ள பஞ்சு, தையல்நூல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள். தையல் இயந்திரம் வீடுகளுக்குள் வந்தது 1850-களுக்குப் பிறகு. நீள ஓரத்தில் இயந்திரத் தையல் இருந்தால் குறைந்தது அந்தப் பட்டை பிந்தியது. புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி இருட்டில் காட்டிப் பாருங்கள். நூல் மட்டும் நீலமாகப் பளிச்சிட்டால் நூல் புதியது, 1940-களுக்கு முன்னே போகாது. முழுக் குயில்ட்டும் ஒரே சீராகப் பளிச்சிட்டால், இக்காலச் சலவைப் பொடியில் யாரோ துவைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அதை வைத்து வயதைக் குறைத்துவிடக் கூடாது.

இன்னொன்று. குயில்ட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பஞ்சில் கறுப்புக் கறுப்பாக விதைத்துணுக்கு தெரியும். "விதை பிரிக்கும் பஞ்சு இயந்திரம் வந்த 1793-க்கு முந்தியது" என்று விற்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். இயந்திரம் வந்த பிறகும் மலிவான பஞ்சில் விதைத்துணுக்கு இருந்துகொண்டேதான் இருந்தது. அந்தப் பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது கறுப்பு ஓரத்தின் பொத்தல்கள். இரும்பையும் துவர்ப்பையும் சேர்த்து உண்டாக்கிய கறுப்பும் கரும்பழுப்பும் தாம் பிடித்த நூலையே மெல்ல மெல்ல அரித்துவிடும். சாயத்தோடு பிறந்த நோய் அது, நம் துணிக்கும் உண்டு, இங்கிலாந்துத் துணிக்கும் உண்டு. தண்ணீர் பட்டால் பலவீனமான அந்த நூல்கள் ஒரேயடியாகக் கரைந்து போகும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது ஈரப்பஞ்சின் கனமே துணியைக் கிழித்துவிடும். சீட்டியின் மேல் கஞ்சியோ மெழுகோ போட்டுத் தேய்த்த பளபளப்பு உங்கள் பூக்கூடையில் இன்னும் மிச்சமிருக்கிறது, நான்காவது படத்தில் மின்னுவது அதுதான். அது ஒரே துவைப்பில் போய்விடும், திரும்ப வராது. பழுப்புக் கறை இருக்கட்டும். கறையோடு இருக்கும் துணிக்கு எதிர்காலம் உண்டு, துவைத்துக் கந்தலான துணிக்கு இல்லை.

தூசியை மட்டும் எடுக்கலாம். வேக்குவம் கிளீனரின் இழுவையை மிகக் குறைவாக வைத்து, குழாய் வாயில் நைலான் வலையைக் கட்டி, துணியில் தேய்க்காமல் சற்று மேலேயே பிடித்து நகர்த்துங்கள். பொடியும் இடங்களுக்குப் பக்கத்தில் போகவேண்டாம். அந்த இடங்களை மெல்லிய வலைத்துணியால் மூடிக் காப்பது பயிற்சி பெற்றவர் வேலை. அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஃபார் கன்சர்வேஷன் அமைப்பின் பட்டியலில் உங்கள் பகுதியில் துணி பாதுகாப்பு செய்பவர்கள் கிடைப்பார்கள். பொத்தலுக்குப் புதுத் துணி வைத்து ஒட்டுப்போடும் தையல்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

சுவரில் மாட்டும் ஆசையை இந்தக் குயில்ட்டுக்காக விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போகுமே தவிர, திரைபோட்டால் குணமாகாது. அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் என்ற மங்கலான ஒளியில், அதுவும் சில மாதங்கள் மட்டுமே, பழந்துணியை வெளியே வைப்பது இதனால்தான். மேலும் தன் கனத்தைத் தானே தாங்கும் வலு இந்த ஓரங்களுக்கு இல்லை. விருந்தினர் வந்தால் கட்டிலில் விரித்துக் காட்டுங்கள், பிறகு எடுத்து வையுங்கள். மேலே உட்காரவோ போர்த்திக்கொள்ளவோ யாரையும் விடாதீர்கள்.

வைக்கும் இடம் உங்கள் வீட்டின் நடுப்பகுதியில் இருக்கட்டும். அடித்தளத்தில் ஈரம், மேல்மாடப் பரணில் சூடு. அமிலம் நீக்கிய அட்டைப்பெட்டியும் மெல்லிய தாளும் அங்கே எளிதாகக் கிடைக்கும். மடிப்பு விழும் இடமெல்லாம் தாளைச் சுருட்டித் திணித்து, மடிப்பு கூர்மையாகாமல் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை பிரித்து வேறு இடத்தில் மடியுங்கள். மேலே சுற்ற, பலமுறை துவைத்து மெத்தென்று ஆன வெள்ளை வேட்டி போல நல்லது வேறில்லை, ஆனால் கஞ்சியும் நீலமும் ஏறாத வேட்டியாக இருக்கவேண்டும். கஞ்சி இருந்தால் வெள்ளிப் பூச்சி தேடி வரும். அமெரிக்க வீடுகளில் இருக்கும் செடார் மரப்பெட்டியில் நேரடியாக வைத்தால் மரத்தின் அமிலம் துணியில் பழுப்பாக இறங்கும். அந்துருண்டை வேண்டவே வேண்டாம்.

சேர்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் ஓராண்டு வாங்காமல் பார்ப்பதற்கே ஒதுக்குங்கள் என்பது என் யோசனை. நீங்கள் இருக்கும் இடம் இதற்கு வாய்த்த இடம். ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகமும், டெலவேரில் உள்ள விண்டர்தூர் அருங்காட்சியகமும் பக்கம். 1773-இல் இங்கிலாந்திலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து அச்சுத்தொழில் நடத்திய ஜான் ஹ்யூசனின் பூச்சாடித் துணி பதித்த குயில்ட்கள் அங்கே இருக்கின்றன. உங்கள் பூக்கூடையின் மூத்த சொந்தம் அவை. டொராண்டோவின் ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்தில் சோழமண்டலச் சீட்டியின் மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று உண்டு. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் குயில்ட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அதன் சேகரிப்பை இணையத்திலேயே ஆண்டுவாரியாகப் பார்க்கலாம்.

வாங்கும்போது முழுக் குயில்ட்டை விட, தனித் துண்டுகளில் தொடங்குங்கள். கட்டை அச்சில் ஒன்று, செப்புத்தகட்டு அச்சில் ஒன்று, உருளை அச்சில் ஒன்று. செப்புத்தகட்டில் ஒரே நிறத்தில் பெரிய சித்திரம், மறுபடி வருவதற்கு ஏறத்தாழ 90 செ.மீ. வரைகூட ஆகும். உருளையில் அதன் சுற்றளவுதான் எல்லை, அதனால் சித்திரம் சீக்கிரமே திரும்ப வரும். இந்த மூன்றையும் கையில் வைத்து லென்ஸால் பார்த்துப் பழகிவிட்டால், பிறகு நான்காவதாக உண்மையான சோழமண்டலத் துண்டு வரும்போது கண் தானே கண்டுகொள்ளும். கிழிந்ததைக் கிழிந்ததென்று சொல்லி விற்பவரிடம் வாங்குங்கள். பழைய குயில்ட்டைப் புதிதாக அறுத்துத் துண்டுபோட்டு விற்பவர்களிடம் வாங்காதீர்கள், எத்தனை அழகாக இருந்தாலும். விளிம்பு வெள்ளையாகவும் கூர்மையாகவும் இருந்தால் கத்தரி சமீபத்தில் பட்டிருக்கிறது. நாம் வாங்குவதால்தான் அடுத்த குயில்ட்டும் அறுபடுகிறது, இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஊருக்கு வரும்போது பழந்துணி தேடும் எண்ணம் இருந்தால் இதையும் அறிந்துகொள்ளுங்கள். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது. உங்கள் பாட்டி பெட்டியிலிருந்து கிடைத்தாலும் அதே சட்டம்தான். இங்கே வீட்டில் யாரிடமாவது பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் துணிவேலையைக் கையில் எடுத்துச்செல்ல வேண்டுமென்றால், கும்பகோணம் பக்கத்துச் சிக்கிநாயக்கன்பேட்டையில் இன்றும் கலம்காரி, அதாவது எழுதுகோலால் தீட்டும் துணிச் சித்திரம், வரைபவர்களிடம் புதிதாக ஒன்று செய்யச்சொல்லி வாங்கலாம். மூங்கில் எழுதுகோல் துணியில் எப்படி ஓடுகிறது என்பதை நேரில் பார்த்த பிறகு, அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருப்பதை நீங்கள் பார்க்கும் விதமே மாறியிருக்கும்.

விற்றவர் சொன்ன குடும்பக் கதையைத் தூக்கியெறிய வேண்டாம். அவர் சொன்னபடியே, வாங்கிய தேதி, இடம், விலை, வீடு இருந்த ஊர் எல்லாவற்றையும் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். "விற்றவர் கூற்று" என்று தனியாகவும், துணியில் நீங்கள் பார்த்தவற்றைத் தனியாகவும் எழுதுங்கள். 1750 தவறாக இருந்தாலும் அந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்ற தகவல் சரியாக இருக்கலாம். மூலையில் சிவப்பு நூலால் எழுத்துக் குறி தைக்கும் வழக்கம் அக்காலத்தில் உண்டு. குயில்ட்டின் பின்பக்க மூலைகள் நான்கையும், ஓரப்பட்டையையும், அருகில் ஓர் அளவுகோலை வைத்து, ஒரு பக்கமிருந்து விழும் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். பெயரெழுத்து ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.